கொழுந்து, ரொட்டி மா, பீற்றூட்: மாமூலக்கூறுகளும் கல மென்சவ்வும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நுவரெலியா, ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கங்களில் உயர்தர உயிரியல் படிப்பவர்களும் படிப்பிப்பவர்களும் அதிகம் கேட்கும் கேள்விகள் இங்கே உள்ளன. செய்முறைகளுக்கு அளவுகளையும், எங்கே பிழைக்கும், ஏன் பிழைக்கும் என்பதையும் எழுதியிருக்கிறோம். சோடியம் ஐதரொட்சைட்டு, ஐதரோகுளோரிக் அமிலம் தேவைப்படும் சோதனைகளை ஆய்வுகூடத்தில் ஆசிரியரோடு மட்டும் செய்யுங்கள். மற்றவற்றுக்கு அடுப்படியே போதும்.

நான்கு வகை மாமூலக்கூறுகளும் பல்பகுதியங்கள்தானே?

இல்லை. மாமூலக்கூறுகள் என்பவை கலத்திலுள்ள பெரிய மூலக்கூறுகள்: காபோவைதரேற்று, புரதம், நியூக்கிளிக் அமிலம், இலிப்பிட்டு (கொழுப்பு, எண்ணெய் வகை). பல்பகுதியம் என்றால் ஒருபகுதியங்கள் என்ற சிறு அலகுகள் சங்கிலியாகக் கோக்கப்பட்டது. காபோவைதரேற்றில் மாப்பொருள், கிளைக்கோசன், செலுலோசு போன்ற பல்சக்கரைட்டுகள் பல்பகுதியங்கள். புரதமும் நியூக்கிளிக் அமிலமும் அப்படியே. இலிப்பிட்டு பல்பகுதியம் அல்ல. ஒரு கிளிசரோலும் மூன்று கொழுப்பமிலங்களும் சேர்ந்தால் ஒரு மூகிளிசரைட்டு. அதோடு சங்கிலி முடிந்துவிடும். ஒரே அலகு திரும்பத் திரும்பக் கோக்கப்படுவதில்லை. இலிப்பிட்டுகளை ஒரே குடும்பமாகச் சேர்ப்பது அவை தண்ணீரில் கரையாத குணம்தான். அந்தக் குணத்தைக் கொண்டுதான் கலம் தன் எல்லையான மென்சவ்வைப் போட்டுக்கொள்கிறது.

ஒருபகுதியங்கள் சேரும்போது ஒவ்வொரு பிணைப்புக்கும் ஒரு நீர் மூலக்கூறு வெளியேறும். கணக்குக் கேட்டால், பிணைப்புகளின் எண்ணிக்கை அலகுகளை விட ஒன்று குறைவு என்பதை மறக்காதீர்கள். 100 குளுக்கோசு நேர்ச்சங்கிலியாகச் சேர்ந்தால் வெளியேறும் நீர் 99. மூலக்கூற்று நிறை 100 × 180 − 99 × 18, அதாவது 16,218. 100 நீரைக் கழித்து 16,200 என்று எழுதுவது வழக்கமான பிழை.

மாப்பொருளும் செலுலோசும் இரண்டுமே குளுக்கோசு. உருளைக்கிழங்கு செரிக்கிறது, லீக்ஸ் இலையின் நார் ஏன் செரிப்பதில்லை?

மாப்பொருளில் அல்ஃபா 1,4 பிணைப்பு. அதனால் சங்கிலி சுருளியாக வளைகிறது. செலுலோசில் பீற்றா 1,4 பிணைப்பு. ஒரு குளுக்கோசு விட்டு ஒரு குளுக்கோசு தலைகீழாக நிற்கிறது. சங்கிலி நேராக ஓடி, பக்கத்துச் சங்கிலியோடு ஐதரசன் பிணைப்புகளால் இறுகி நுண்ணாராகிறது. நம் அமிலேசு நொதியத்தின் உயிர்ப்பு மையத்தில் அல்ஃபா வடிவம்தான் பொருந்தும். மாட்டுக்கும் செலுலோசை உடைக்கும் சொந்த நொதியம் கிடையாது. அதன் இரைப்பையில் வாழும் நுண்ணங்கிகள்தான் அந்த வேலையைச் செய்கின்றன.

ரொட்டிக்குக் குழைக்கும் கோதுமை மாவில் புரதத்தையும் மாப்பொருளையும் வேறாக்கிக் காட்ட முடியுமா?

முடியும். மாமூலக்கூறு பாடத்தைத் தொடங்க இதைவிட நல்ல செய்முறை எங்களுக்குத் தெரியாது. இரண்டு மாமூலக்கூறுகளையும் கையாலேயே தொட்டுப் பார்க்கலாம்.

100 கிராம் கோதுமை மாவுக்கு 55 முதல் 60 மில்லிலீற்றர் தண்ணீர் விட்டு 10 நிமிடம் நன்றாகக் குழையுங்கள். தேங்காய்ப்பூ, எண்ணெய், உப்பு எதுவும் வேண்டாம். உருண்டையைக் குளிர்ந்த தண்ணீரில் அரை மணிநேரம் மூழ்க வையுங்கள். பிறகு ஒரு பேசினில் தண்ணீர் விட்டு, உருண்டையை அதற்குள்ளேயே மெதுவாகப் பிசையுங்கள். தண்ணீர் பால்போல வெளுக்கும். அந்த முதல் தண்ணீரில் ஒரு கோப்பை எடுத்து வைத்துவிட்டு, புதுத் தண்ணீர் மாற்றி மாற்றிப் பிசையுங்கள். ஐந்தாறு தடவையில் தண்ணீர் தெளியும். கையில் மிஞ்சுவது 25 முதல் 30 கிராம் வரையான, சுவிங்கம்போல இழுபடும் சாம்பல் நிறக் கட்டி. அதுதான் குளூட்டன் புரதம். ஈர நிறையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர்தான்.

எடுத்து வைத்த வெள்ளைத் தண்ணீரில் அயடீன் கரைசல் இரண்டு துளி விட்டால் கருநீலமாகும், அது மாப்பொருளின் அடையாளம். பாமசியில் கிடைக்கும் பொவிடோன் அயடீனைப் பத்து மடங்கு ஐதாக்கினாலும் போதும். குளூட்டன் தண்ணீரில் கரையாது என்பதால் புரதத்தைக் காட்டும் பையூரெற் சோதனைக்குப் பயறளவு துண்டை 2 மில்லிலீற்றர் 10 வீத சோடியம் ஐதரொட்சைட்டில் சில நிமிடம் ஊற விட்டு, பிறகு 1 வீத செப்புச் சல்பேற்றைத் துளித்துளியாகச் சேருங்கள். ஊதா நிறம் வரும்.

உருண்டை தண்ணீருக்குள் சிதறிப்போனால் குழைத்தது போதவில்லை, அல்லது ஊற விடவில்லை. குழைக்கும்போதுதான் குளூட்டெனின் சங்கிலிகளுக்கிடையே இருசல்பைட்டுப் பாலங்கள் உருவாகி வலை கட்டுகிறது. கிளையடின் அதற்கு இழுபடும் தன்மையைக் கொடுக்கிறது. எண்ணெயோ தேங்காய்ப்பூவோ சேர்ந்தால் கொழுப்பு இடையில் புகுந்து வலையைக் குறுக்கிவிடும். தேங்காய் ரொட்டி மெதுவாகப் பிட்டுக்கொண்டு வருவதும், பரோட்டா மா இழுபடுவதும் இந்த வேறுபாட்டால்தான். குரக்கன் மாவிலும் அரிசி மாவிலும் குளூட்டன் இல்லை. அவற்றில் முயன்றால் கையில் ஒன்றும் மிஞ்சாது.

எங்கள் பாடசாலையில் நீர்த்தொட்டி 100 பாகைக்கு வருவதே இல்லை. பெனடிக்ற் சோதனை பிழைக்குமா?

வெப்பமானியில் குறையில்லை. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. இங்கே தண்ணீர் ஏறத்தாழ 94 பாகை செல்சியஸிலேயே கொதித்துவிடும். எவ்வளவு நெருப்பு வைத்தாலும் அதற்கு மேல் ஏறாது. குளுக்கோசு போன்ற தாழ்த்தும் வெல்லங்களை (சர்க்கரைகளை)க் காட்டும் பெனடிக்ற் சோதனைக்கு 80 பாகைக்கு மேல் இருந்தால் போதும். 2 மில்லிலீற்றர் மாதிரி, 2 மில்லிலீற்றர் பெனடிக்ற் கரைசல், கொதிநீர்த் தொட்டியில் 5 நிமிடம். தாழ்த்தும் வெல்லத்தின் அளவைப் பொறுத்து பச்சை, மஞ்சள், செம்மஞ்சள், செங்கட்டிச் சிவப்பு என்று நிறம் போகும்.

சீனி, அதாவது சுக்குரோசு, நேராகச் செய்தால் நீலமாகவே நிற்கும். ஐதான ஐதரோகுளோரிக் அமிலம் சேர்த்துச் சில நிமிடம் கொதிக்க வைத்து நீர்ப்பகுப்புச் செய்தபின், சோடியம் இருகாபனேற்றுத் தூளை நுரைப்பது நிற்கும்வரை சிறிது சிறிதாகச் சேர்த்து நடுநிலையாக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் பெனடிக்ற். இந்த நடுநிலையாக்கலைத்தான் அதிகம் பேர் விட்டுவிடுகிறார்கள். பெனடிக்ற் காரத்தில் வேலை செய்யும் கரைசல். அமிலம் மிஞ்சியிருந்தால் நிறம் மாறாமல் “வெல்லம் இல்லை” என்று பிழையாக முடிவெழுத நேரும்.

அயடீன் சோதனையைச் சூடான கஞ்சியில் செய்யாதீர்கள். அமைலோசுச் சுருளிக்குள் அயடீன் புகுந்து நிற்பதால்தான் கருநீலம். சூட்டில் அந்தச் சேர்க்கை குலைந்து நிறம் போகும். ஆறினால் திரும்ப வரும். திரும்ப வருவதையும் காட்டினால் பிள்ளைகளுக்குக் காரணம் தானாகவே விளங்கும். பையூரெற்றில் செப்புச் சல்பேற்று அதிகமானால் நீல வீழ்படிவு ஊதாவை மறைத்துவிடும். ஐந்தாறு துளியோடு நிறுத்துங்கள். தனி அமினோ அமிலத்தில் இந்தச் சோதனை நேர் விடை தராது, குறைந்தது இரண்டு பெப்தைட்டுப் பிணைப்பாவது வேண்டும். கொழுப்பைச் சிவப்பாக்கும் சூடான் III என்ற சாயத்தின் சோதனையைத் தேங்காயெண்ணெயில் செய்வதானால் போத்தலை முதலில் வெந்நீரில் வைத்து உருக்கிக்கொள்ளுங்கள். இங்குள்ள குளிரில் உறைந்த எண்ணெயில் சாயம் கட்டியாக நின்றுவிடும்.

கொழும்பில் தண்ணீராக இருக்கும் தேங்காயெண்ணெய் இங்கே ஏன் போத்தலுக்குள் உறைகிறது? மென்சவ்வுக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

தேங்காயெண்ணெய் ஏறத்தாழ 24, 25 பாகையில் உருகும். நுவரெலியாவின் சராசரி வெப்பநிலை 16 பாகையளவு. அதன் கொழுப்பமிலங்களில் பத்தில் ஒன்பது பங்கு நிரம்பியவை. இரட்டைப் பிணைப்பு இல்லாத நேரான வால்கள். நேரான வால்கள் விறகுக் கட்டுபோல நெருக்கமாக அடுக்குப்படும். நல்லெண்ணெயில் நிரம்பாத வால்கள் அதிகம். ஒவ்வொரு சிஸ் இரட்டைப் பிணைப்பும் வாலில் ஒரு வளைவைப் போடுகிறது. வளைந்த விறகைக் கட்டினால் இடைவெளி விழுவதுபோல இங்கும் விழுகிறது. அதனால்தான் அதே ராக்கையில் நல்லெண்ணெய் திரவமாக நிற்கிறது.

18 காபன் கொண்ட மூன்று கொழுப்பமிலங்களை ஒப்பிட்டால் இந்த வளைவின் வலு தெரியும். இரட்டைப் பிணைப்பே இல்லாத ஸ்ரியரிக் அமிலம் உருகுவது 69 பாகையளவில். ஓர் இரட்டைப் பிணைப்புள்ள ஒலெயிக் அமிலம் 13 பாகையளவில். இரண்டு உள்ள லினோலெயிக் அமிலம் −5 பாகையளவில்.

மென்சவ்வில் இருப்பது மூகிளிசரைட்டு அல்ல, ஒரு பொசுபேற்றுத் தலையும் இரண்டு கொழுப்பமில வால்களும் உள்ள பொசுபோலிப்பிட்டு. ஆனால் வால்களின் விதி ஒன்றே. குளிரில் வால்கள் இறுகினால் மென்சவ்வு பாயும் தன்மையை இழக்கும், அதிலுள்ள புரதங்களின் வேலை தடைப்படும். அதனால் குளிருக்குப் பழகும் தாவரங்கள் மென்சவ்வில் நிரம்பாத கொழுப்பமிலங்களின் பங்கைக் கூட்டிக்கொள்கின்றன. விலங்குக் கலத்தில் கொலஸ்திரோல் இரண்டு பக்கமும் காவல்: சூட்டில் பொசுபோலிப்பிட்டுகள் அளவுக்கு மீறி அசையாமல் பிடிக்கிறது, குளிரில் அவை நெருங்கி உறையாமல் தடுக்கிறது. “கொலஸ்திரோல் பாய்மத்தன்மையைக் கூட்டும்” என்று மட்டும் எழுதினால் பாதி விடைதான்.

மென்சவ்வு இரண்டு படை என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

1925இல் நெதர்லாந்தில் ஹோர்ட்டரும் கிரெண்டலும் செங்குருதிக் கலங்களிலிருந்து இலிப்பிட்டை அசெற்றோனால் பிரித்தெடுத்து, தண்ணீரின் மேல் ஒரே படையாகப் பரப்பி அளந்தார்கள். பரப்பளவு கலங்களின் மேற்பரப்பைப்போல இரண்டு மடங்கு வந்தது. பாலூட்டிகளின் முதிர்ந்த செங்குருதிக் கலத்துக்குள் கருவோ இழைமணியோ இல்லை. ஆகவே கிடைத்த இலிப்பிட்டு முழுவதும் வெளி மென்சவ்வுடையது. முடிவு: இருபடை. அந்த அளவீட்டில் இரண்டு பிழைகள் இருந்தன. இலிப்பிட்டு முழுவதும் வரவில்லை, கலத்தின் மேற்பரப்பையும் குறைத்துக் கணித்துவிட்டார்கள். ஒரு பிழை மற்றதை ஈடு செய்ததால் விடை சரியாக வந்தது. தலவாக்கலையில் இருக்கும் நமது தேயிலை ஆராய்ச்சி நிறுவனமும் அதே 1925இல் அமைக்கப்பட்டதுதான். ஆண்டை மறக்காமலிருக்க இது உதவும்.

1935இல் டேவ்சனும் டானியெல்லியும் புரதம் இருபுறமும் பூசினாற்போல இருக்கும் என்றார்கள். அந்தக் கருத்து நெடுநாள் நின்றது. 1970இல் ஃபிறையும் எடிடினும் எலிக் கலத்தையும் மனிதக் கலத்தையும் ஒன்றாக இணைத்து, இரண்டின் மேற்பரப்புப் புரதங்களுக்கும் வெவ்வேறு நிறத்தில் ஒளிரும் குறியிட்டுப் பார்த்தார்கள். 37 பாகையில் 40 நிமிடமளவில் இரண்டு நிறமும் முழுக் கலத்திலும் கலந்துவிட்டன. குளிர வைத்தால் கலக்கவில்லை. புரதங்கள் மென்சவ்வுக்குள் மிதந்து நகர்கின்றன என்பதற்கு இதைவிட நேரான சாட்சி கிடையாது. 1972இல் சிங்கரும் நிக்கொல்சனும், பாயும் இருபடைக்குள் புரதங்கள் சித்திரக் கற்கள்போலப் பதிந்து மிதக்கின்றன என்ற பாய்ம சித்திர மாதிரியுருவை முன்வைத்தார்கள். மென்சவ்வின் தடிப்பு 7 முதல் 8 நனோமீற்றர்.

இருபடையைக் கட்டிப் பிடிப்பது பங்கீட்டு வலுப் பிணைப்பு அல்ல. பொசுபேற்றுத் தலை நீர்நாட்டமுள்ளது, வால்கள் நீர்வெறுப்புள்ளவை. உள்ளும் புறமும் தண்ணீர் இருக்கும்வரை வால்கள் உள்ளே ஒளிந்து நிற்கும். சிறு கிழிசல் தானாக மூடிக்கொள்வதும் இதனால்தான். இதே காரணத்தால் சவர்க்காரமும் அற்ககோலும் அதைச் சுலபமாகக் குலைத்துவிடுகின்றன.

எது புகும், எது புகாது?

ஒட்சிசன், காபனீரொட்சைட்டு போன்ற சிறிய, முனைவற்ற மூலக்கூறுகள் நேராகவே ஊடுருவும். தண்ணீர் இருபடை வழியாக மெதுவாகவும் அக்குவாபோரின் என்ற கால்வாய்ப் புரதம் வழியாக வேகமாகவும் போகும். அந்தப் புரதத்தைக் கண்டறிந்த பீற்றர் அக்ருக்கு 2003இல் இரசாயனவியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. குளுக்கோசு, அமினோ அமிலங்கள், அயன்கள் ஆகியவற்றுக்குப் புரத வாயில் வேண்டும். செறிவு குறைந்த பக்கமிருந்து கூடிய பக்கம் தள்ளுவதற்குச் சக்தி வேண்டும்: சோடியம்-பொற்றாசியம் பம்பி சக்தி தரும் மூலக்கூறான ஏடிபீ ஒன்றுக்கு 3 சோடியம் அயன்களை வெளியே தள்ளி, 2 பொற்றாசியம் அயன்களை உள்ளே எடுக்கிறது.

பீற்றூட் செய்முறையில் எங்களுக்கு எல்லாக் குழாயும் ஒரே சிவப்பு. எங்கே பிழை?

வெப்பம் ஏற ஏற மென்சவ்வு எவ்வளவு நிறத்தைக் கசிய விடுகிறது என்று பார்க்கும் செய்முறை இது. பிழை பெரும்பாலும் கழுவுவதில். பீற்றூட்டை வெட்டும்போது கத்தி பட்ட கலங்கள் எல்லாம் உடைந்து நிறம் வழிகிறது. அதைக் கழுவி நீக்காவிட்டால் நீங்கள் அளப்பது கத்தியின் வேலையை, வெப்பத்தின் வேலையை அல்ல.

தோலை நீக்கி, தக்கைத் துளைப்பானால் ஒரே விட்டமுள்ள உருளைகள் எடுத்து, 1 சென்ரிமீற்றர் நீளமாக வெட்டுங்கள். துளைப்பான் இல்லாவிட்டால் 1 சென்ரிமீற்றர் கனக் குற்றிகள் போதும். ஓடும் தண்ணீரில், வழியும் நீர் நிறமற்றுப் போகும்வரை கழுவி, துணியில் ஒற்றி எடுங்கள், அழுத்தித் துடைக்காதீர்கள். 20, 30, 40, 50, 60, 70 பாகையில் 10 மில்லிலீற்றர் தண்ணீர் உள்ள குழாய்களில் ஒவ்வொரு துண்டு, 15 நிமிடம். துண்டை எடுத்துவிட்டுக் குழாயைக் குலுக்கி, வெள்ளைத் தாளின் முன் ஒப்பிடுங்கள். நிறமானி இருந்தால் பச்சை வடி. பீற்றூட்டின் நிறப்பொருளான பீற்றாசயனின் 538 நனோமீற்றரளவிலான ஒளியைத்தான் அதிகம் உறிஞ்சும்.

40 வரை மெல்லிய இளஞ்சிவப்பு, 50க்கும் 60க்கும் இடையில் திடீர் ஏற்றம் என்பதே எதிர்பார்க்கும் விடை. நிறப்பொருள் கலத்துக்குள் சாறு நிறைந்த பையான புன்வெற்றிடத்துக்குள் இருக்கிறது. வெளியே வர புன்வெற்றிட மென்சவ்வு, கலத்தின் வெளி எல்லையான முதலுரு மென்சவ்வு என்று இரண்டையும் தாண்ட வேண்டும். மென்சவ்வுப் புரதங்கள் சூட்டில் வடிவம் குலைந்து இயல்பிழப்பதும், இலிப்பிட்டுகளின் அசைவு கூடுவதும் சேர்ந்துதான் அந்த இரண்டும் பிடி விடுகின்றன. கலச்சுவர் இதைத் தடுக்காது, அது முழுக்கப் புகவிடும் அமைப்பு.

வீட்டில் வெப்பமானி இல்லாமல் செய்வோருக்கு ஒரு மலையகத் திருத்தம். “கொதிநீர் பாதி, பச்சைத் தண்ணீர் பாதி” என்ற குறிப்பைப் பின்பற்றினால் கொழும்பில் 100உம் 28உம் கலந்து 64 பாகை வரும். இங்கே 94உம் 16உம் கலந்தால் 55தான். அதுவும் கோப்பை உறிஞ்சும் சூட்டைக் கழிக்காமல். நிறம் கசியத் தொடங்கும் எல்லையிலேயே நிற்பதால் ஒருமுறை சிவக்கும், இன்னொருமுறை சிவக்காது. இங்கே இரண்டு பங்கு கொதிநீருக்கு ஒரு பங்கு பச்சைத் தண்ணீர் விட்டால் 68 பாகையளவு கிடைக்கும்.

80 பாகைக்கு மேல் நெடுநேரம் வைத்தால் நிறப்பொருளே சிதைந்து மங்கும். அதைப் பார்த்து “கசிவு குறைந்துவிட்டது” என்று எழுதாதீர்கள்.

கசங்கிய கொழுந்து ஏன் சிவக்கிறது?

கலத்துக்குள் இருந்த தடுப்புகள் உடைந்துவிட்டதால். தேயிலைக் கொழுந்தின் காய்ந்த நிறையில் ஏறத்தாழ கால்வாசி பொலிபீனோல்கள். அவற்றில் பெரும்பங்கு கற்றெச்சின்கள். இவை புன்வெற்றிடத்துக்குள் கிடக்கின்றன. அவற்றை ஒட்சியேற்றும் பொலிபீனோல் ஒட்சிடேசு என்ற செப்புள்ள நொதியம் புன்வெற்றிடத்துக்கு வெளியே, பெரும்பாலும் பச்சையவுருமணியில் இருக்கிறது. உயிருள்ள இலையில் இரண்டும் சந்திப்பதே இல்லை. இடையில் நிற்பது சில நனோமீற்றர் தடிப்புள்ள மென்சவ்வுகள். கூடையிலோ சாக்கிலோ கொழுந்தைத் திணித்து அமுக்கினால் அந்தத் தடுப்பு உடைந்து, ஒட்சிசனோடு சேர்ந்து வேலை தொடங்கிவிடும். திணித்த சாக்குக்குள் இலையின் சுவாசத்தால் சூடும் ஏறும். சூடு அந்த ஒட்சியேற்றத்தை இன்னும் வேகப்படுத்தும். ஸ்டோருக்கு, அதாவது தேயிலைத் தொழிற்சாலைக்குப் போகும் முன்பே சிவந்த இலையில் தரமான தேயிலை எடுக்க முடியாது. கொழுந்தைத் தளர்வாகப் போட்டு நிழலில் வைக்கச் சொல்வதன் காரணம் இதுதான்.

ஸ்டோரில் நடப்பது இதே உடைப்புத்தான், ஆனால் நேரமறிந்து செய்யும் உடைப்பு. வாட்டும்போது இலையின் ஈரம் 75, 80 வீதத்திலிருந்து ஏறத்தாழ 55 வீதத்துக்கு இறங்குகிறது. கலங்களின் வீக்கம் தளர்ந்து இலை நொறுங்காமல் சுருளத் தயாராகிறது. மென்சவ்வுகளின் புகவிடும் தன்மையும் கூடுகிறது. உருட்டும்போது மென்சவ்வுகள் கிழிந்து நொதியமும் கற்றெச்சினும் கலக்கின்றன. பொன்னிறமான தேஃபிளாவின்களும் செம்பழுப்பான தேறூபிகின்களும் உருவாகின்றன. கடைசியில் உலர்த்தியின் சூடு நொதியத்தை இயல்பிழக்கச் செய்து ஒட்சியேற்றத்தை நிறுத்துகிறது. வாட்டல் குறைந்தால் உருட்டும்போது சாறு வழிந்து வீணாகும். அளவுக்கு மீறி வாடினால் இலை உடைந்து தூளாகும், ஒட்சியேற்றமும் ஒரே சீராக நடக்காது. இந்தக் கட்டத்தை நொதித்தல் என்று சொல்லும் வழக்கம் இருந்தாலும் இதில் மதுவத்துக்கு வேலையில்லை. இலையின் சொந்த நொதியம்தான்.

வீட்டில் காட்ட இரண்டு கொழுந்து போதும். ஒன்றை அப்படியே உள்ளங்கையில் கசக்கி வையுங்கள். மற்றதை இடியப்பச் சட்டியில் இரண்டு நிமிடம் ஆவியில் வைத்து, ஆற விட்டுக் கசக்குங்கள். முதலாவது சிறிது நேரத்தில் செம்பழுப்பாகும், மணமும் மாறும். இரண்டாவது பச்சையாகவே நிற்கும். இரண்டிலும் மென்சவ்வு உடைந்துதான் இருக்கிறது. இரண்டாவதில் நொதியம் முன்பே செத்துவிட்டது. பச்சைத் தேயிலை செய்வதும் இப்படித்தான். ஆவி போதாமல் அரைகுறையாக வெந்தால் காம்புப் பக்கம் சிவக்கும், ஏனெனில் தடித்த காம்புக்குள் சூடு கடைசியாகத்தான் போகிறது.

உறைபனி விழுந்த தேயிலை ஏன் கருகியதுபோல ஆகிறது?

தை, மாசிக் காலத்தில் முகில் இல்லாத இரவுகளில் நுவரெலியாப் பக்கத் தாழ்வான இடங்களில் உறைபனி விழும். பனிக்கட்டி முதலில் உருவாவது கலத்துக்கு வெளியே உள்ள இடைவெளிகளில், அங்குள்ள நீரில் கரைந்த பொருள் குறைவு என்பதால். அந்தப் பனிக்கட்டி கலத்துக்குள்ளிருந்து தண்ணீரை இழுத்துக்கொண்டே வளர்கிறது. கலம் வற்றிச் சுருங்க, மென்சவ்வின் அமைப்புக் கெடுகிறது. வெயில் ஏறிப் பனி உருகும்போது அந்த மென்சவ்வால் எதையும் பிடித்து வைக்க முடியாது. சாறு கசிந்து, கற்றெச்சின் நொதியத்தோடு சேர்ந்து இலை பழுப்பாகிறது. வெளியில் நெருப்புப் பட்டதுபோலத் தெரிந்தாலும் உள்ளே நடந்தது வறட்சியும் ஒட்சியேற்றமும்தான். கழுவிய பீற்றூட் துண்டை ஃபிரிஜ்ஜின் உறைபெட்டியில் ஓர் இரவு வைத்து எடுத்துத் தண்ணீரில் போட்டால், சூடே படாமல் தண்ணீர் சிவப்பதைக் காணலாம்.

அட்டைக்கு உப்புப் போட்டால் சுருங்குகிறது, றியோ இலைக் கலமும் உப்புநீரில் சுருங்குகிறது. இரண்டும் ஒன்றா?

காரணம் ஒன்று, பிரசாரணம்: கரைபொருள் செறிவு கூடிய பக்கத்துக்கு மென்சவ்வு வழியே தண்ணீர் நகர்வது. விளைவு வேறு. அட்டையின் கலங்களுக்குச் சுவர் இல்லை. தண்ணீர் போனால் கலம் முழுவதும் சுருங்கும். தாவரக் கலத்தில் சுவர் நிற்க, முதலுரு மட்டும் சுவரை விட்டு விலகும். அதுதான் முதலுருச் சுருக்கம்.

றியோ என்ற அலங்காரச் செடியின் இலையில், ஊதா நிற அடிப்பக்க மேற்றோலை ஒரு கலப்படையாக உரியுங்கள். சீனி கிட்டத்தட்டத் தூய சுக்குரோசு என்பதால் அதிலேயே கரைசல் செய்யலாம்: 34.2 கிராமைக் கரைத்து 100 மில்லிலீற்றராக்கினால் லீற்றருக்கு 1 மூல் செறிவு. அதில் 30 மில்லிலீற்றரை 100 ஆக்கினால் 0.3. 0.15 முதல் 0.40 வரை தொடராகச் செய்து, உரித்த துண்டுகளை 20 நிமிடம் வைத்து எண்ணுங்கள். பாதிக் கலங்களில் சுருக்கம் தொடங்கியிருக்கும் செறிவே தேவையான புள்ளி, கலச்சாற்றின் செறிவுக்கு ஏறத்தாழச் சமமானது அதுதான். உரித்ததை மேசையில் வைத்துக் காய விடுவது, நிறமில்லாத கலங்களையும் சேர்த்து எண்ணுவது, உரியோடு பச்சை இழையம் ஒட்டி வருவது: விடை பிசகுவது இந்த மூன்றால்தான்.

வயிற்றோட்டத்துக்குக் குடிக்கும் ஜீவனியில் ஏன் குளுக்கோசு?

சக்திக்காக என்று நினைப்பவர்கள் அதிகம். சிறுகுடல் மேலணிக் கலத்தின் மென்சவ்வில் சோடியத்தையும் குளுக்கோசையும் சேர்த்தே உள்ளே எடுக்கும் ஒரு புரதம் இருக்கிறது. 2 சோடியம் அயனுக்கு 1 குளுக்கோசு. குளுக்கோசு இருந்தால் சோடியம் உள்ளே போகும், பின்னாலேயே தண்ணீரும் போகும். உலக சுகாதார நிறுவனத்தின் 2002ஆம் ஆண்டுச் சேர்க்கையில் 1 லீற்றருக்கு குளுக்கோசு 13.5 கிராம், சோடியம் குளோரைட்டு 2.6, பொற்றாசியம் குளோரைட்டு 1.5, முச்சோடியம் சித்திரேற்று 2.9 கிராம். பக்கெற்றில் சொன்ன அளவு தண்ணீரில் முழுப் பக்கெற்றையும் கரையுங்கள். தண்ணீரைக் குறைத்தாலோ சீனி சேர்த்தாலோ குடலுக்குள் செறிவு ஏறி, உடம்பிலிருந்து தண்ணீரை வெளியே இழுக்கும், வயிற்றோட்டம் கூடும்.

வீட்டில் டிஎன்ஏவைப் பிரித்தெடுக்கலாமா?

நுவரெலியா ஸ்ட்ரோபெரி இதற்கு மிகவும் ஏற்றது. அதன் கலத்தில் நிறமூர்த்தத் தொகுதிகள் எட்டு. மொத்தம் 56 நிறமூர்த்தங்கள், ஆகவே டிஎன்ஏயும் அதிகம். 90 மில்லிலீற்றர் தண்ணீரில் 10 மில்லிலீற்றர் பாத்திரம் கழுவும் திரவமும் அரைத் தேக்கரண்டி உப்பும் நுரைக்காமல் கலக்குங்கள். பெரிய பழம் ஒன்றைக் காம்பு நீக்கிப் பொலித்தீன் பைக்குள் போட்டு நசுக்கி, கலவையில் 20 மில்லிலீற்றர் விட்டு இன்னும் ஒரு நிமிடம் மெதுவாகப் பிசையுங்கள். சவர்க்காரத் திரவம் முதலுரு மென்சவ்வையும் கருவின் மென்சவ்வையும் கரைக்கிறது. உப்பின் சோடியம் அயன்கள் டிஎன்ஏயின் பொசுபேற்றுகளிலுள்ள மறை ஏற்றத்தை மறைக்க, இழைகள் ஒன்றையொன்று தள்ளாமல் சேர முடிகிறது. துணியில் வடித்து ஒடுங்கிய கண்ணாடிக் குவளையில் விடுங்கள்.

சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டைப் போத்தலோடு உறைபெட்டியில் குளிர வைத்து, வடித்த சாற்றின் அளவுக்குச் சமமாக, குவளையைச் சரித்து அதன் ஓரமாக மெல்ல வழிய விடுங்கள். இரண்டும் கலக்கக் கூடாது. ஐந்து நிமிடத்தில் இரண்டு படைக்கும் நடுவே வெண்மையான பஞ்சிழை எழும். ஈர்க்குச்சியால் சுற்றி எடுக்கலாம். அதில் டிஎன்ஏயோடு பெக்ரினும் புரதமும் கலந்திருக்கும், தூய டிஎன்ஏ என்று எழுதிவிடாதீர்கள். இழை எழாவிட்டால் முதலில் ஸ்பிரிட்டின் குளிரைப் பாருங்கள், அடுத்து அதன் வீதத்தை: 70 வீதத்தில் விளைவு மங்கலாகத்தான் வரும், 95க்கு அண்மையில் இருந்தால் நல்லது. வேகமாகக் குலுக்கி நுரை எழுப்பினாலும் இழைகள் துண்டுபட்டுக் கையில் சுற்ற வராது. ஸ்பிரிட் தீப்பற்றும், ஆகவே அடுப்பை அணைத்துவிட்டுத் தொடங்குங்கள்.